இயற்கைக்கு இசைந்த அடுக்களை

(ஜூபிலி விழாவையொட்டிப் பங்கு மண்டபத்தில் நடைபெற்ற குடும்பக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

காலையிலிருந்து பேசியவர்களெல்லாம் பெரிய பொருள்களைப் பற்றிப் பேசினார்கள். எனக்குக் கிடைத்தது அடுக்களை. விழாக் குழுவினர் என்னிடம் வந்து, "ஐயா, நம் பங்கில் புதிதாக வீடு கட்டுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். சுற்றுச்சூழலுக்குக் கேடு செய்யாத சமையற்கட்டை எப்படி அமைப்பது என்று எளிய முறையில் சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொண்டார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் கட்டட வேலையிலேயே காலம் தள்ளியவன் என்பதால் ஒப்புக்கொண்டேன்.

வீட்டுக்குப் பிளான் போட வருகிறவர்கள் முதலில் ஹாலைப் பற்றிப் பேசுவார்கள். பிறகு படுக்கையறை. பிறகு காரோ ஸ்கூட்டரோ நிறுத்தும் இடம். இவையெல்லாம் போக மிஞ்சிய மூலைதான் அடுக்களை. அந்த மூலையில் தினமும் நாலு மணி, ஐந்து மணி நேரம் நிற்கப்போகிறவரைப் பிளான் போடும் மேஜைக்கு யாரும் அழைத்து வருவதில்லை. அவர் வீட்டில் எங்களுக்குக் காப்பி போட்டுக்கொண்டிருப்பார்!

ஆகவே, விஷயத்துக்குள் போகுமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இயற்கை, இயற்கை என்று பேசுகிற சிலர், மிக்ஸியைத் தூக்கியெறிந்துவிட்டு அம்மிக்குத் திரும்புங்கள், விறகடுப்பில் வைத்த குழம்பின் ருசியே தனி என்றெல்லாம் சொல்லுகிறார்கள். சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அம்மியில் அரைப்பது அவர்கள் அல்ல. ஊதுகுழலை வைத்து ஊதிக் கண் கலங்குவதும் அவர்கள் அல்ல. பூமியின் பாரத்தைக் குறைக்கிறேன் என்று அதை ஒரு பெண்ணின் முதுகில் ஏற்றிவைக்கிற எந்த யோசனையையும் நான் இங்கே சொல்லப்போவதில்லை.

விறகுப் புகை சாதாரண விஷயம் அல்ல, தாய்மார்களே. வீட்டுக்குள் அடுப்புப் புகையால் கெடுகிற காற்றினால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறக்குறைய 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. நெஞ்சுச்சளி, மூச்சிரைப்பு, மாரடைப்பு, கண்ணில் புரை என்று அதன் விளைவுகள் பல. நம் ஊர்ப் பாட்டிமார் பலருக்கு ஒரு பீடியும் பிடிக்காமலே பீடி பிடித்தவரின் நெஞ்சு வாய்த்தது இதனால்தான்.

இதை முன்பே உணர்ந்தவர்கள் இல்லாமல் இல்லை. ஐதராபாத்தில் பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தில் பணியாற்றிய எஸ். பி. ராஜு என்பவர் புகையில்லா அடுப்பு ஒன்றை அமைத்து, அதை ஏழைகளும் கட்டிக்கொள்ளும்படி விளக்கி ஒரு சிறு நூல் எழுதினார். அது 1953ல் சென்னையில் கிறிஸ்தவ இலக்கியச் சங்கத்தின் வெளியீடாக வந்தது. பிறகு 1983-84ல் மத்திய அரசே புகையில்லா அடுப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கி, அது முடிந்த 2002க்குள் மூன்று கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகளைக் கட்டிக்கொடுத்தது. அவற்றில் பல சில வருஷங்களிலேயே கேட்பாரற்றுப் போயின. புகைக்குழாயில் கரி அடைத்தது. சுத்தம் செய்யச் சொல்லிக்கொடுத்தவர் இல்லை. அடுப்பின் வாய், வீட்டிலிருந்த பானைக்குப் பொருந்தவில்லை. பானை வைக்கிறவரைக் கேளாமல் அடுப்புக் கட்டினால் அப்படித்தான் ஆகும்.

இப்போது நம் பங்கில் காஸ் இல்லாத வீடுகள் குறைவு. தமிழ்நாட்டில் 2007 முதல் இலவச காஸ் அடுப்பு கொடுத்தார்கள்; 2016ல் மத்திய அரசின் உஜ்வலா திட்டம் வந்தது. ஆனாலும் சிலிண்டர் விலையை நினைத்துப் பாதிச் சமையலைப் பின்கட்டில் உடைமர விறகில் முடிக்கிற வீடுகள் இன்னும் உண்டு. அப்படி இருப்பவர்களைக் குறை சொல்லாதீர்கள். விறகெரித்தே ஆகவேண்டுமானால், கொடியடுப்போடு கட்டுங்கள் என்பேன். நம் முன்னோர் கண்ட கொடியடுப்பு எவ்வளவு புத்திசாலித்தனமான ஏற்பாடு! பெரிய அடுப்பில் சோறு வேகும்போது, வீணாக வெளியேறப்போகிற சூடு பக்கவாட்டில் போய்ப் பக்கத்துச் சட்டியில் ரசத்தைக் கொதிக்கவைக்கும். அந்த வாயோடு ஒரு புகைக்குழாயையும் சேர்த்து, கூரைக்கு மேலே மூன்றடி உயர்த்தி, மாதம் ஒருமுறை கரியைத் தட்டிவிட்டால் போதும்.

இனி, காற்று. புது வீட்டில் அடுக்களைக்கு ஒரே ஜன்னல் வைக்கிறார்கள். அதையும் பிரிட்ஜை வைத்து மறைத்துவிடுகிறார்கள். காற்றுக்கு உள்ளே வர ஒரு வழியும் வெளியே போக இன்னொரு வழியும் வேண்டும். ஒரே வழி இருந்தால் அது நகராது. ஜன்னலுக்கு எதிர்ப்புறச் சுவரில், கூரையை ஒட்டி, ஓர் அடிக்கு ஒன்றரை அடியில் ஒரு திறப்பு வையுங்கள். சூடான காற்று மேலே எழும்பித் தானாகவே வெளியேறும். பகலில் விளக்கும் வேண்டாம், விசிறியும் வேண்டாம்.

ஆனால் சமையல் காஸ் புகையைப் போன்றதல்ல. அது காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையிலே படியும். எவ்வளவு பெரிய ஜன்னல் இருந்தாலும், ஜன்னலின் கீழ்விளிம்பு மூன்றரை அடி உயரத்தில் இருந்தால், அதுவரை ஒரு தொட்டியில் தண்ணீர் நிற்பதுபோல் காஸ் நிற்கும். ஆகையால் வெளிச்சுவரில் தரையை ஒட்டி, சிலிண்டருக்குப் பக்கத்தில், எலி நுழையாதபடி கம்பிவலை அடித்த ஒரு திறப்பு கட்டாயம் வேண்டும். புகைக்கு மேலே ஒரு வழி, காஸுக்குக் கீழே ஒரு வழி. இன்றைக்கு நான் சொல்வதில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கவேண்டாம். ஏற்கெனவே கட்டிய வீட்டிலும் கொத்தனார் ஒரு காலை வேலையில் முடித்துக்கொடுப்பார்.

அக்கினி மூலை என்று தென்கிழக்கையே பிடித்துக்கொண்டு நிற்கிறவர்கள் நம் வீடுகளிலும் உண்டு. நான் வாதாட வரவில்லை. உங்கள் மனையில் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று ஆடியிலும் ஐப்பசியிலும் ஒரு துணியைக் கட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அடுப்புப் புகையும் தாளிப்பு நெடியும் படுக்கையறைக்குள் போகாத திசை எதுவோ அதுவே நல்ல திசை.

சுவரைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் பிறந்து 1945ல் நம் நாட்டுக்கு வந்து, கேரளத்தில் வாழ்ந்து 2007ல் மறைந்த லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞரின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். திருவனந்தபுரத்தில் அவர் கட்டிய லயோலா சிற்றாலயத்தை உங்களில் சிலர் பார்த்திருக்கவும் கூடும். செங்கல்லையே இடைவெளி விட்டு அடுக்கி, ஜன்னல் இல்லாமலே காற்றும் வெளிச்சமும் வரச் செய்திருப்பார். அதே ஜாலி வேலையை அடுக்களையின் மேல்பகுதியில் செய்யலாம். மரச்சட்டமும் வேண்டாம், கண்ணாடியும் வேண்டாம். செங்கல்லைப் படுக்கவைக்காமல் நிமிர்த்திவைத்து, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டையும் அவர் பரப்பினார். கல்லில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு மிச்சமாகும். நடுவிலுள்ள வெற்றிடம் வெயிலைத் தடுக்கும். மேற்கே பார்த்த அடுக்களைக்கு இது பெரிய ஆறுதல். கடற்கரையை ஒட்டிக் கட்டுகிறவர்கள் மட்டும் பூசாமல் விட்டுவிடாதீர்கள். உப்புக்காற்று செங்கல்லை அரித்துவிடும்.

மேடையின் உயரத்தையும் சொல்லவேண்டும். கடையில் வாங்கும் ஆயத்த அடுக்களைகள் எந்த ஊர் உயரத்துக்கோ செய்யப்பட்டவை. சமைக்கிறவர் முழங்கையை மடக்கி நிற்கட்டும். அதற்கு நாலு முதல் ஆறு அங்குலம் கீழே காய் நறுக்கும் மேடை வரட்டும். அடுப்பு வைக்கும் மேடை இன்னும் சற்றுத் தாழ்ந்திருக்கலாம், ஏனென்றால் அதன்மேல் அடுப்பும், அதன்மேல் பானையும் ஏறுகின்றன. இது சுற்றுச்சூழல் விஷயமா என்று கேட்பீர்கள். தோள்வலி தாங்காமல் நாலு வருஷத்தில் இடித்துக் கட்டினால், அந்தச் சிமெண்டும் கல்லும் மண்ணிலே குப்பைதானே? தட்டுகளுக்குக் கடப்பைக் கல் போடுங்கள். கறையான் அரிக்காது, ஊறிப்போகாது, பேரப்பிள்ளைகள் காலம்வரை இருக்கும்.

இப்போது நெருப்புக்கு வருகிறேன். இங்கேதான் நம் கையில் நிறைய இருக்கிறது.

ஒரு லிட்டர் தண்ணீரைச் சாதாரணச் சூட்டிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் சூட்டை ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே ஒரு லிட்டரையும் கொதிக்கவைத்து ஆவியாக்கிவிட ஏழு பங்குக்கு மேல் ஆகும். கொதிக்கிற தண்ணீர் எவ்வளவு தீ எரித்தாலும் 100 டிகிரிக்கு மேல் சூடேறாது. பருப்பு வேகமாக வேகாது. ஆவிதான் வேகமாகப் போகும். அப்படியானால் மூடாத பானையில், தளதளவென்று கொதிக்கவிட்டு வேகவைப்பது எதற்குச் சமம்? காசைக் கொடுத்து வாங்கிய காஸை ஜன்னல் வழியாக அனுப்புவதற்குச் சமம். கொதி வந்ததும் தீயைத் தணியுங்கள், மூடிபோடுங்கள். இந்த இரண்டுக்கும் செலவு ஒன்றுமில்லை.

பிரஷர் குக்கருக்குள் ஆவி அடைபட்டு, சூடு 120 டிகிரி வரை ஏறுவதால்தான் சீக்கிரம் வேகிறது. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்தால் போதும்; ஐந்து விசில் ஆறு விசில் என்று எண்ணுவது காதுக்கும் கேடு, காஸுக்கும் கேடு. பயறு, கொண்டைக்கடலையை முதல் நாள் இரவே ஊறவையுங்கள். இன்னொன்று, நம் பக்கத்துப் போர்த் தண்ணீர் கடினத் தண்ணீர். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து பருப்பை வேகவிடாது. அதே பருப்பு மழைத் தண்ணீரில் மெத்தென்று வேகும். 2003ல் அரசு எல்லா வீடுகளுக்கும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது பல பேர் பெயருக்கு ஒரு குழாயைச் சொருகி வைத்தார்கள். அதையே ஒழுங்காக்கி, முதல் மழையைத் தள்ளிவிட்டு, சல்லடையும் துணியும் கட்டி ஒரு சின்டெக்ஸ் தொட்டியில் பிடித்து மூடிவைத்தால் பருப்புக்கும் காப்பிக்கும் மாதக்கணக்கில் வரும்.

இதைவிட எளிதான ஒன்று வைக்கோல் பெட்டி. பனையோலைப் பெட்டி ஒன்றிலோ மரப்பெட்டியிலோ அடியிலும் பக்கங்களிலும் நாலு விரற்கடை கனத்துக்கு வைக்கோலை நெருக்கி அடையுங்கள். அரிசியை உலையிலிட்டுப் பத்து நிமிஷம் நன்றாகக் கொதித்ததும், மூடியோடு பானையைத் தூக்கிப் பெட்டிக்குள் வைத்து, மேலே வைக்கோல் தலையணை ஒன்றை அழுத்தி மூடிவிடுங்கள். காலைப் பூசைக்குப் போய்த் திரும்புவதற்குள் சோறு வெந்திருக்கும். அடிபிடிக்காது, பார்த்துக்கொண்டு நிற்கவும் வேண்டாம். கறி, மீனுக்கு மட்டும் இதை நம்பாதீர்கள். வெதுவெதுப்பில் அவை கெட்டுப்போகும்.

மின்சார இண்டக்ஷன் அடுப்பு வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். நல்ல காஸ் அடுப்புக்கு ஐ.எஸ்.ஐ. கேட்கிற அளவு, எரிகிற சூட்டில் நூற்றுக்கு 68 பங்காவது பாத்திரத்தில் ஏறவேண்டும் என்பது. இண்டக்ஷனில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் ஏறுகிறது. ஆனால் மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1979ல் அங்கே அனல் மின் நிலையம் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து நிலக்கரிச் சாம்பலை நாம் அறிவோம். கூரையில் சூரியத் தகடு போட்டவர்களுக்கு இண்டக்ஷன் மிக நல்லது. மற்றவர்களுக்கு இப்போதைக்குச் சமம் என்றே சொல்வேன். காந்தம் ஒட்டாத பாத்திரம் அதில் சூடாகாது என்பதையும் வாங்குமுன் நினைவில் வையுங்கள். உங்கள் மண்சட்டியும் பித்தளை உருளியும் வேலைக்கு ஆகாது.

சூரிய அடுப்பு? ஆரோவில்லில் 15 மீட்டர் அகலமுள்ள ஒரு பெரிய கிண்ணத்தைக் கூரைமேல் கட்டி, அதில் வெயிலைக் குவித்து நீராவி எடுத்து, ஆயிரம் பேருக்குச் சமைக்கும் ஏற்பாட்டைச் செய்திருக்கிறார்கள். வீட்டுக்கு வரும் கண்ணாடிப் பெட்டி அடுப்பு பருப்பு வேகவைக்கவும் நிலக்கடலை வறுக்கவும் நன்று. காலை ஆறு மணிக்குத் தோசை கேட்கிற பிள்ளைக்கு அது உதவாது. மொட்டைமாடிக்கு ஏறி இறங்குவது யார் என்பதையும் வாங்குகிறவர் யோசிக்கட்டும்.

அடுத்து அங்கணம். இப்போது சிங்க் என்று சுவரோடு பதித்து, ஒரு குழாய் வழியாகத் தெருச் சாக்கடைக்கு எல்லாவற்றையும் அனுப்பிவிடுகிறோம். பழைய வீட்டில் அங்கணத்துத் தண்ணீர் நேரே பின்வளவு வாழைக்குப் போகும். கழனித் தண்ணி மாட்டுக்குப் போகும். மாடு போய்விட்டது, வாழை வைக்க ஓர் அடி மண்ணாவது இருக்கிறதல்லவா? சிங்க் குழாயை ஒரு சிறு குழியில் விடுங்கள். அடியில் உடைகல், மேலே மணல், சுற்றிலும் கல்வாழையும் சேம்பும் வாழையும். எண்ணெய்ப் பிசுக்கு முதலிலேயே நிற்க ஒரு சின்னத் தடுப்புத் தொட்டி வைத்து, வாரம் ஒருமுறை வழித்தெடுங்கள். தட்டைக் கழுவுமுன் மிச்சத்தைத் துடைத்துவிட்டால் பாதிச் சோப்பும் பாதித் தண்ணீரும் மிச்சம். பித்தளைக்குப் புளி, இரும்புச் சட்டிக்குச் சாம்பல், தேங்காய்நார் ஒரு பிடி. பளபளப்பில் யாருக்கும் குறைவில்லை.

குப்பைக்கு வருவோம். உலகம் முழுவதும் 2022ஆம் ஆண்டில் வீணான உணவு 105 கோடி டன் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு கணக்குச் சொல்கிறது. அதில் 63 கோடி டன் ஹோட்டலிலோ கடையிலோ வீணானதல்ல, வீடுகளில் வீணானது. நம் அடுக்களைக் குப்பையைப் பிளாஸ்டிக் பையில் கட்டிப் போட்டுவிட்டால், அது குப்பைமேட்டில் காற்றில்லாமல் அழுகி மீத்தேன் வாயுவாகிறது. பூமியைச் சூடாக்குவதில் மீத்தேன் கரியமில வாயுவைவிட, நூறு வருஷக் கணக்கில், 28 மடங்கு வலியது. சென்னைப் பெருங்குடிக் குப்பைமேடு 2022 ஏப்ரலில் பற்றி எரிந்து நாள்கணக்கில் புகைந்ததைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். அந்தப் புகையைச் சுவாசித்தவர்கள் குப்பை போட்டவர்கள் அல்ல. மேட்டுக்குப் பக்கத்தில் குடியிருந்த ஏழைகள்.

புது அடுக்களையில் குப்பைக்கென்று ஓர் இடம் பிளானிலேயே வேண்டும். இரண்டு வாளி: ஈரக் குப்பை, உலர் குப்பை. ஈரக் குப்பைக்குப் பின்வாசலில் துளையிட்ட மண்பானை மூன்று. ஒரு பிடி காய்கறித் தோலுக்கு ஒரு பிடி காய்ந்த இலைச் சருகு அல்லது மரத்தூள் போட்டு மூடுங்கள். ஒன்று நிரம்பினால் அடுத்தது. மூன்றாவது நிரம்பும்போது முதல் பானை உரமாகியிருக்கும். நாற்றம் அடித்தால் சருகு போதவில்லை என்று பொருள். சாண வாயுக் கலம் வைக்கலாமா என்பார்கள். ஒரு கன மீட்டர் வாயு ஏறக்குறைய 450 கிராம் சமையல் காஸுக்குச் சமம். நாலு பேர் வீட்டுத் தோலும் தொலியும் அந்த அளவுக்கு வராது. மாடு வைத்திருப்பவர்களுக்கும், பிள்ளைகள் தங்கிப் படிக்கும் விடுதிகளுக்கும் அது ஏற்றது. சகோதரிகள் கவனிக்க வேண்டுகிறேன்.

பிளாஸ்டிக் பைகளைத் தமிழ்நாடு 2019 ஜனவரி முதல் தடைசெய்தது; 2021 டிசம்பரில் மஞ்சப்பையை மீண்டும் கொண்டுவந்தார்கள். அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நாலு ஆணி அடித்துப் பைகளையும் மீன் வாங்கும் ஓலைப் பெட்டியையும் தொங்கவிடுங்கள். கண்ணில் பட்டால்தான் கையில் வரும்.

பிரிட்ஜ் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். சுவரை ஒட்டி வைக்காதீர்கள். வாங்கும்போது நட்சத்திரச் சீட்டைப் பாருங்கள். தில்லி பூசா விவசாய ஆராய்ச்சி நிலையத்தார் மின்சாரமில்லாத ஒரு குளிர்பெட்டியைக் கண்டார்கள். இரட்டைச் செங்கல் சுவர், நடுவில் ஈர மணல், உள்ளே காய்கறி. கோவில்பட்டிப் பக்கம் வறண்ட காற்றில் நன்றாக வேலை செய்யும். கடற்கரையில் காற்றே ஈரமாக இருப்பதால் அவ்வளவு குளிராது.

கடைசியாக, இந்த மண்டபத்தின் பின்னாலிருக்கும் சமையற்கட்டு. வரும் ஞாயிறு ஜூபிலி அசனம். ஆயிரக்கணக்கானோர் சாப்பிடப் போகிறார்கள். நேற்று போய்ப் பார்த்தேன். தகரக் கூரைக்குக் கீழே மூன்று பக்கமும் சுவர், ஆறு பெரிய அடுப்பு, புகை போக ஒரு வழியும் இல்லை. அங்கே விடிய விடிய நிற்கப்போகிறவர்கள் இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். மேற்குச் சுவரின் மேல்பாதியை எடுத்துவிட்டு ஜாலி வைக்கவும், கூரையின் உச்சியை ஓர் அடி உயர்த்திவிடவும் ஒரு படம் வரைந்து கொண்டுவந்திருக்கிறேன். கொத்தனார் இருவருக்கு மூன்று நாள் வேலை. கல் இடிக்கிற சுவரிலேயே கிடைக்கும். பரிமாறும் இடத்தில் பிளாஸ்டிக் பூசிய தட்டுக்குப் பதில் வாழையிலை, தண்ணீர்ப் பாட்டிலுக்குப் பதில் பானையும் எவர்சில்வர் தம்ளரும் என்று பேரவையில் பேசியிருக்கிறோம். இலை கழிக்கும் இடத்தில் இரண்டு குழியும் வெட்டியாகிவிட்டது.

படம் வாசலருகே மேஜையில் இருக்கிறது. தலைமைச் சமையல்காரரும், அடுப்படியில் நிற்கப்போகிற தாய்மார்களும் முதலில் வந்து பாருங்கள். அடுப்பு எந்தப் பக்கம் நகரவேண்டும், தண்ணீர் எங்கே வரவேண்டும் என்று பென்சிலால் அதிலேயே குறித்துவிடுங்கள். நாளைக் காலையில் கொத்தனார் வருகிறார்.